ஸ்டிங்கர் சூட்: முதன்முறை வாடகைக்கு எடுப்போருக்கு

கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுகளைப் பார்க்க, ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரிலிருந்து தினமும் காலையில் படகுகள் கிளம்பும். நவம்பர் முதல் மே வரை அந்தப் படகுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். திட்டு நெருங்க நெருங்கப் பணியாளர்கள் பெரிய பெட்டிகளைத் திறந்து, கறுப்பும் நீலமுமாக உடைகளை எடுத்து நீட்டுவார்கள். தாத்தா, பாட்டி, புதுமணத் தம்பதி, ஆறு மாதம் ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்த இளைஞர் என்று எல்லாரும் கால் மணி நேரத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். முகம் மட்டும் வெளியே தெரியும். மற்றதெல்லாம் துணிக்குள். அப்போது எடுக்கிற போட்டோவில் யாரும் அழகாக இருக்க மாட்டார்கள்.

அந்த உடைக்குப் பெயர் ஸ்டிங்கர் சூட். கெய்ன்ஸ் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொட்டுகிற ஜெல்லி மீன்களை ஸ்டிங்கர் என்றே சொல்கிறார்கள். நைலானும் லைக்ராவும் கலந்து நெய்த, இழுத்தால் நீளும் துணி. லெக்கிங்ஸ் தைக்கிற வகைதான். முன்பக்கம் ஜிப், தலைக்கு இணைந்த தொப்பி, சட்டைக் கையின் நுனியில் விரல்களை மூடிக்கொள்ள ஒரு மடிப்பு. இவ்வளவுதான் அமைப்பு. ஸ்கூபா ஆட்கள் போடும் வெட்சூட் வேறு. அது தடித்த ரப்பர் நுரையால் ஆனது, குளிர் தாங்கும், கொஞ்சம் மிதக்கவும் வைக்கும். ஸ்டிங்கர் சூட் குளிர் தாங்காது, மிதக்கவும் வைக்காது. நீச்சல் தெரியாதவர்கள் இதை லைஃப் ஜாக்கெட் மாதிரி நம்பிவிடக் கூடாது.

கையில் வாங்கியதும் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஆளையே கொல்லும் விஷத்தை இந்த மெல்லிசுத் துணியா தடுக்கப்போகிறது? தடுக்கும். எப்படி என்று புரிந்துவிட்டால், வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

ஜெல்லி மீனுக்குப் பல்லும் கிடையாது, தேள்போல ஒற்றைக் கொடுக்கும் கிடையாது. அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு உறை, அந்த உறைக்குள் சுருட்டி வைத்த நுண்ணிய விஷக்குழல். உறைக்குள் அழுத்தம் ஏறியே இருக்கும். சின்ன வயதில் பட்டாசுக்காய் பறித்து எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்திருப்போமே, பட்டென்று வெடிக்கும். அந்த மாதிரி, சரியான தூண்டல் கிடைத்ததும் உறை திறந்து குழல் வெளியே பாயும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் ஜெல்லி மீனின் விருப்பம் என்று எதுவும் இல்லை. செத்துக் கரை ஒதுங்கிய ஜெல்லி மீனைத் தொட்டாலும் கொட்டுவது இதனால்தான்.

அந்தத் தூண்டல் இரண்டு வகை: ஒன்று தொடுதல், இன்னொன்று தோலில் இருக்கும் வேதிப்பொருள்கள். நடுவில் நைலான் வந்துவிட்டால் இரண்டாவது தூண்டல் கிடைப்பதில்லை. அப்படியே சில உறைகள் வெடித்தாலும், பாயும் குழல் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது. துணியைத் தாண்டித் தோலுக்குள் போய் விஷத்தை இறக்க அதற்கு நீளம் போதாது. ஆகவே துணி தடிமனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இருந்தால் போதும். குயின்ஸ்லாந்துக் கடற்கரை உயிர்காப்பாளர்கள் இதை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெண்கள் அணியும், இடுப்புவரை வரும் நைலான் ஸ்டாக்கிங்ஸில் ஒன்றைக் காலுக்குப் போட்டு, இன்னொன்றில் தலை நுழைய ஓட்டை வெட்டி, கவிழ்த்து மேலுடம்பில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். கேலி செய்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வேலை செய்தது.

யாருக்காக இந்தக் கவசம்

உலகத்தில் ஜெல்லி மீன் வகைகள் ஏராளம். பெரும்பாலானவை கொட்டினால் கொஞ்ச நேரம் எரியும், தடிக்கும், அடங்கிவிடும். அதற்காக யாரும் முழு உடம்பையும் மூடிக்கொள்ளப் போவதில்லை. வட ஆஸ்திரேலியாவின் நிலைமை அப்படி இல்லை. அங்கே அஞ்ச வேண்டியவை இரண்டு.

முதலாவது பாக்ஸ் ஜெல்லி. விஞ்ஞானப் பெயர் கைரோனெக்ஸ் ஃப்ளெக்கரி. பெட்டி போன்ற உடல் 30 சென்டிமீட்டர் அகலம் வரை வளரும். நான்கு மூலைகளிலும் கொத்துக்கொத்தாக மொத்தம் 60 இழைகள்வரை, ஒவ்வொன்றும் நீண்டால் 3 மீட்டர். இவ்வளவு பெரிய உயிர் தண்ணீரில் கண்ணாடியாகத் தெரிவதால் எதிரில் வந்தாலும் பார்க்க முடியாது. இழைகள் உடம்பில் நிறைய இடத்தில் பட்டுவிட்டால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுபோகலாம். ஆஸ்திரேலியாவில் 1880களிலிருந்து இதுவரை 70 பேருக்கு மேல் இதனால் இறந்திருக்கிறார்கள். உடம்பு சிறியது என்பதால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 1955 ஜனவரியில் கார்ட்வெல் கடற்கரையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஹியூகோ ஃப்ளெக்கர் என்ற கெய்ன்ஸ் மருத்துவர் சொன்னதன்பேரில் அந்த இடத்தில் வலை போட்டுத் தேடியபோதுதான் இந்த இனம் அகப்பட்டது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இரண்டாவதன் பெயர் இருக்காஞ்சி. கெய்ன்ஸுக்கு வடக்கே உள்ள கரையோரத்தின் பூர்வகுடி மக்களின் பெயர் அது. அங்கே குளித்தவர்களுக்கு வந்த ஒரு விநோத நோய்க்கு அதே ஃப்ளெக்கர் 1952இல் அந்தப் பெயரைச் சூட்டினார். கொட்டும்போது பெரிதாக வலிக்காது. அரை மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும்: தாங்க முடியாத முதுகுவலி, தசைப்பிடிப்பு, வாந்தி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம். கூடவே, செத்துவிடப் போகிறோம் என்ற திகில் வேறு. இந்தத் திகிலும் நோயின் ஓர் அறிகுறிதான் என்கிறார்கள் மருத்துவர்கள். அடுத்த பத்தாண்டுவரை இதற்குக் காரணமான உயிர் எது என்றே தெரியவில்லை. 1961இல் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் ஒரு சின்னஞ்சிறு ஜெல்லி மீனைப் பிடித்து, அதுதானா என்று பார்க்கத் தன்மேலேயே கொட்டவிட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? ஒன்பது வயது மகன்மீதும், ஓர் இளம் உயிர்காப்பாளர்மீதும் கொட்டவிட்டார். மூவரும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்கள். அதுதான் காரணம் என்று உறுதியாயிற்று. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்த ஜெல்லி மீனுக்குக் கருக்கியா பார்னெசி என்று பெயர்.

கருக்கியா பார்னெசியின் உடல் ஒரு சென்டிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தின் அளவு. நான்கே இழைகள். ஆனால் அவை ஒரு மீட்டர்வரை நீளும். பல ஜெல்லி மீன்களைப் போலல்லாமல் இதன் உடல்மீதும் கொட்டும் செல்கள் உண்டு. 2002இல் குயின்ஸ்லாந்தில் இரண்டு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இருக்காஞ்சி கொட்டி இறந்துபோனதாகக் கருதப்படுகிறது. இந்த உடை எல்லாருக்கும் தெரிந்த ஒன்றாக மாறியதில் அந்தச் செய்திகளுக்கும் பங்குண்டு.

இரண்டில் எது எங்கே இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது உபயோகமானது. பாக்ஸ் ஜெல்லியின் வாழ்க்கை கழிமுகத்தில் தொடங்குகிறது. அலையாத்திக் காடுகளை ஒட்டிய ஓடைகளில் கல்லில் ஒட்டிக்கொண்டு வளரும். கோடை வெப்பமும் மழையும் வரும்போது குட்டிகள் கடலுக்கு வந்துசேரும். அதனால் அது கரையோரத்து ஆபத்து, மழைக்கால ஆபத்து. பாம் கோவ், டிரினிட்டி பீச், போர்ட் டக்ளஸ் போன்ற கடற்கரைகளில் அந்த மாதங்களில் வலை கட்டி அதற்குள்தான் குளிக்கச் சொல்வார்கள். வலையின் கண்கள் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. பெரிய பாக்ஸ் ஜெல்லி உள்ளே வராது. ஒரு சென்டிமீட்டர் இருக்காஞ்சி சாவகாசமாக வந்துவிடும். வெளிக்கடலில் இருக்கும் பவளத்திட்டுகளிலும் இருக்காஞ்சி உண்டு. நடுக்கடலில் எதற்கு இந்த வேஷம் என்று படகில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அப்புறம், நவம்பர் முதல் மே என்பது ஒரு வழக்கக் கணக்கு. ஜூன் 1ஆம் தேதி காலண்டரைப் பார்த்துவிட்டு ஜெல்லி மீன்கள் கிளம்பிவிடுவதில்லை. மற்ற மாதங்களிலும் கொட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வெயில் என்னும் இன்னொரு காரணம்

உண்மையைச் சொன்னால், ஒரு நாள் படகுப் பயணம் போகிறவருக்கு ஜெல்லி மீன் கொட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. வெயில் சுடும் வாய்ப்பு ஏறக்குறைய நிச்சயம். ஸ்நார்க்கெலிங், அதாவது வாயில் மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு கடலடியைப் பார்க்கும்போது, குப்புறப் படுத்து மிதக்கிறோம். பிடரி, முதுகு, தொடையின் பின்புறம், முழங்காலின் மடிப்பு என்று வழக்கமாக வெயிலே படாத இடங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் குளுகுளு என்று இருப்பதால் சுடுவது தெரியாது. ராத்திரி ஹோட்டல் கட்டிலில் மல்லாக்கப் படுக்கும்போதுதான் தெரியும். புற ஊதாக் கதிர்க் குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கெய்ன்ஸில் கோடை நண்பகலில் அது 12ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். நமக்குத்தான் கறுத்த தோல் ஆயிற்றே என்பார்கள் சிலர். கறுத்த தோல் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. அந்த வெயிலில் அதுவும் புண்ணாகும்.

உடையின் சீட்டில் யூபிஎஃப் 50+ என்று போட்டிருக்கும். அந்தத் துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடாது என்று அர்த்தம். துணிகளுக்கு இப்படி வெயில் அளவுகோல் வைத்து, 1996இல் முதன்முதலாகத் தரநிர்ணயம் கொண்டுவந்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான். தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகள் அவை, அந்த அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. பழைய பருத்தி டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினால் ஆகாதா என்றால், ஆகாது. பருத்தி நனைந்ததும் ஒளியை இன்னும் தாராளமாக உள்ளே விடும். போதாததற்குத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, நீந்தும்போது கழுத்துவரை சுருண்டு ஏறும். சுடிதாரும் துப்பட்டாவும் கடலில் படுத்தும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

சன்ஸ்கிரீன் விஷயத்திலும் இதனால் ஒரு லாபம் உண்டு. உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு இறங்கினால் அதில் ஒரு பகுதி கடலில்தான் கரையும். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்று சொல்லி, அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் தடைசெய்தது. கடலில் கரையும் அளவு நிஜமாகவே எவ்வளவு பாதிக்கிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரே கருத்தில் இல்லை. எப்படியானாலும், சூட் போட்டவருக்கு முகத்துக்கும் காதுக்கும் மட்டும் பூசினால் போதும். ஒரு டியூப் ஒரு வாரம் வரும்.

வாடகைக்கு எடுக்கும்போது

சில படகு நிறுவனங்கள் டிக்கெட்டிலேயே உடையைச் சேர்த்துவிடுகின்றன. சில, ஆளுக்கு ஏறக்குறைய 10 டாலர் தனியாக வாங்குகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்குப் படகு ஏறிய பிறகு 40 டாலர் என்றால் மனசு சுருக்கென்கும். கரையிலேயே குளிக்கப் போகிறீர்கள் என்றால் ஊருக்குள் டைவிங் கடைகளில் நாள் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக வாங்கினால் பெரியவர் உடை 50 முதல் 100 டாலர்வரை ஆகும். ஓரிரு நாளுக்கு வாடகை லாபம். ஒரு வாரம் தினமும் கடல் என்றாலோ, பிரிஸ்பேனிலோ சிட்னியிலோ குடியிருந்துகொண்டு அடிக்கடி வடக்கே வருகிறவர் என்றாலோ வாங்கிவிடுவதுதான் சரி. குழந்தைகள் விஷயத்தில் நான் வாங்குவதையே சொல்வேன். வாடகைப் பெட்டியில் குழந்தை அளவுகள் குறைவாக இருக்கும், பெரிய அளவைக் கொடுத்துக் கையைச் சுருட்டிவிடுவார்கள். மிகவும் ஆபத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் பொருந்தாத உடை போய்ச் சேருவது எந்த வகையிலும் நியாயமில்லை.

பலர் போட்ட உடையை நாம் போடுவதா என்று பலர் தயங்குவார்கள். கூச்சம் நியாயம்தான். உள்ளே சொந்த நீச்சலுடையைப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிருமிநாசினியில் அலசினீர்களா என்று கேட்பதில் தவறில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தாலே அநேகமாகத் தெரிந்துவிடும். வெளியிடத்தில் நீச்சலுடையில் நிற்கக் கூச்சப்படும் பெண்களுக்கு இந்த உடை ஒரு வரம் என்பதையும் சொல்ல வேண்டும். படகில் எல்லாரும் மூடிக்கொண்டு நிற்கும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

பணியாளர் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓர் அளவை எடுத்து நீட்டுவார். வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் துணி நைந்து சல்லடையாகத் தெரிந்தால் வேறு கேளுங்கள். ஜிப் கடைசிவரை ஏறுகிறதா, தையல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அளவு. மிகவும் இறுக்கமாக இருந்தால் நெசவு விரிந்து வெயில் உள்ளே வரும், குனியும்போது கணுக்காலும் மணிக்கட்டும் வெளியே வந்துவிடும். தொளதொள என்றால் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். தண்ணீரோடு என்ன வரும் என்று சொல்ல முடியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். அப்போதும் மணிக்கட்டும் கணுக்காலும் மூடியே இருந்தால் அதுதான் உங்கள் அளவு.

போடுவதில் ஒரு தந்திரம்: காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஈர உடம்பில் போட முயன்றால் பாதியில் சிக்கித் தவிப்பீர்கள். நீள முடியைப் பின்னித் தொப்பிக்குள் விடுங்கள். தொப்பியின் விளிம்பு நீச்சல் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் போகக் கூடாது, போனால் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். கை மடிப்பை விரல்மேல் இழுத்துவிட மறந்துவிடாதீர்கள். பலர் போட்டோ எடுக்க வசதியாக இல்லை என்று அதை மடித்தே விட்டுவிடுகிறார்கள். பாதத்துக்கு ஃபின் என்ற துடுப்புக் காலணி போட்டுவிட்டால் பெரும்பகுதி மறைந்துவிடும். குதிகால் தெரிந்தால் உள்ளே ஒரு நைலான் சாக்ஸ். முகம் மட்டும் எப்படியும் திறந்துதான் இருக்கும். அதனால் இந்த உடை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. அங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் 23 டிகிரி அளவுக்கு இறங்கும்போது வெட்சூட் கொடுப்பார்கள். முழு நீளமாகக் கேளுங்கள். அரைக்கை, அரைக்கால் வெட்சூட் குளிருக்குச் சரி, கொட்டுக்கு உதவாது. முதலைக்கு எந்த உடையும் உதவாது என்பதையும் கழிமுகத்துப் பக்கம் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

மீறிக் கொட்டிவிட்டால்? வட குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் கம்பங்களில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். படகிலும் இருக்கும். ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து, அவசர உதவிக்கு 000 எண்ணை அழைத்து, கொட்டிய இடத்தில் அரை நிமிடமாவது வினிகரை ஊற்ற வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும். வினிகர் வலியைக் குறைக்காது. இன்னும் வெடிக்காத உறைகளை வெடிக்காமல் நிறுத்திவிடும். தேய்ப்பது, நல்ல தண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடாது, இரண்டுமே மிச்ச உறைகளை வெடிக்க வைக்கும். தெற்கே சிட்னிப் பக்கம் கொட்டும் புளூபாட்டில் என்ற நீலநிறக் கடல் உயிருக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அதற்கு வினிகர் வேண்டாம், பொறுக்கும் அளவு சூடான தண்ணீர்தான். இருக்காஞ்சி பிடிபடாமல் இருப்பது அரை மணி நேரத் தாமதத்தால்தான். நீந்திவிட்டு வந்து மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது முதுகு வலிக்க ஆரம்பித்தால், படகு ஆட்டம் என்று நீங்களே முடிவுகட்டாமல் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வெளியே வந்ததும் உடையைக் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, மேலே இழை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். துணியில் ஒட்டிய இழையில் வெடிக்காத உறைகள் மிச்சம் இருக்கும். வெறுங்கையால் உருவினால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய உடையே கையில் கொட்டிவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் வினிகர் ஊற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜிப்பை இறக்கி, தோளிலிருந்து உட்புறம் வெளியே வரும்படி உரித்து, திருப்பிக் கொடுக்கும் தொட்டியில் போட்டுவிடலாம். உள்ளே எங்காவது கிழிந்திருந்ததைக் கவனித்தீர்கள் என்றால், தொட்டியில் போடாமல் பணியாளர் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்; நாளைக்கு அதைப் போடப்போவது வேறொருவர்.